மதுவம் இடும் அளவு

மதுவம் இடும் அளவு என்பது பியர் தயாரிப்பில், நொதிக்க வைக்கப்படும் இனிப்புச் சாற்றில் தொடக்கத்தில் சேர்க்கப்படும் உயிருள்ள மதுவ (ஈஸ்ட்) உயிரணுக்களின் எண்ணிக்கையைக் குறிக்கும். ஆங்கிலத்தில் இது 'பிட்ச்சிங் ரேட்' எனப்படுகிறது. பெரிய பியர் ஆலைகளில் இவ்வளவு ஆய்வகத்தில் எண்ணிக் கணக்கிடப்படுகிறது. வீட்டில் ஒரு முறைக்கு 19 முதல் 23 லிட்டர் வரை பியர் தயாரிப்போர் நீண்ட காலம் 'ஒரு தடவைக்கு ஒரு பொட்டலம்' என்னும் வழக்கத்தையே பின்பற்றி வந்தனர். பொட்டலத்தின் அளவு, அதன் வயது, சாற்றின் செறிவு, நொதிக்கும் வெப்பநிலை ஆகியவை ஒவ்வொரு முறையும் மாறுபடுவதால் இவ்வழக்கம் சில வேளைகளில் சரியாக அமைகிறது. பல வேளைகளில் அமைவதில்லை.

மதுவத்தின் பணி

பியர் தயாரிப்பில் முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை (மால்ட்) வெந்நீரில் ஊறவைக்கப்பட்டு, அதிலுள்ள மாவுச்சத்து சருக்கரையாக மாற்றப்படுகிறது. வடித்தெடுக்கப்பட்ட இச்சாறு 'வோர்ட்' எனப்படும். இது ஹாப்ஸ் பூக்களுடன் கொதிக்க வைக்கப்பட்டு, ஆறவைக்கப்பட்ட பின்னரே மதுவம் இடப்படுகிறது. அதுவரை அது கசப்பு கலந்த இனிப்புநீர் மட்டுமே. சருக்கரையை எத்தனாலாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் மாற்றிப் பியராக்குவது மதுவமே.

இடப்பட்ட மதுவம் உடனே நொதித்தலைத் தொடங்குவதில்லை. முதல் சில மணி நேரம் அது வோர்ட்டில் கரைந்துள்ள ஆக்சிசனையும் ஊட்டப்பொருட்களையும் உள்வாங்கித் தன் உயிரணுச் சவ்வுக்குத் தேவையான இசுடெரால்களையும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களையும் சேமிக்கிறது. இது தாமதநிலை எனப்படும். பின்னர் அரும்புதல் மூலம் பெருகுகிறது. ஒவ்வொரு முறை அரும்பும்போதும் தாய் உயிரணு தன் இசுடெரால் சேமிப்பை மகவு உயிரணுவுடன் பங்கிட்டுக் கொள்கிறது. இதனால் சில தலைமுறைகளுக்குள் சேமிப்பு தீர்ந்து பெருக்கம் நின்றுவிடுகிறது. வழக்கமான ஒரு நொதித்தலில் மதுவம் இட்ட அளவைப் போல் ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து மடங்கு வரையே பெருகும். தொடக்கத்தில் குறைவாக இட்டால் 'தானே பெருகிக்கொள்ளும்' என்று விட்டுவிட முடியாததற்கு இதுவே காரணம். பெருக்கத்திற்கு எல்லை உண்டு. அந்த எல்லையை நெருங்கும் மதுவம் நலிவடைந்த நிலையிலேயே மீதிச் சருக்கரையை எதிர்கொள்கிறது.

கணக்கிடும் முறை

ஆலைகளில் நெடுங்காலமாக வழங்கும் பொது விதி, ஒரு மில்லிலிட்டர் வோர்ட்டுக்கு, ஒரு பிளேட்டோ பாகைக்கு, 10 இலட்சம் உயிரணுக்கள் என்பதாகும். பிளேட்டோ பாகை என்பது சாற்றில் கரைந்துள்ள பொருளின் எடை விழுக்காடு. (இப்பெயர் கிரேக்க மெய்யியலாளரைக் குறிப்பதன்று; செருமானிய அறிவியலாளர் ஃபிரிட்சு பிளேட்டோவைக் குறிக்கும்.) வீட்டில் தயாரிப்போர் பெரும்பாலும் நீர்மானியால் ஒப்படர்த்தியையே அளப்பர். ஒப்படர்த்தியின் பதின்மப் பகுதியை 4 ஆல் வகுத்தால் தோராயமான பிளேட்டோ பாகை கிடைக்கும். எடுத்துக்காட்டாக 1.048 ஒப்படர்த்தி உடைய வோர்ட் 12 பாகை ஆகும்.

வீட்டுத் தயாரிப்பில் பியரின் வகையைப் பொறுத்து இவ்விதி சற்று மாற்றிக் கொள்ளப்படுகிறது. 18 முதல் 22 பாகை செல்சியசில் நொதிக்கும் ஏல் வகைக்கு 7.5 இலட்சமும், 8 முதல் 13 பாகை செல்சியசில் நொதிக்கும் லாகர் வகைக்கு 15 இலட்சமும் கொள்ளப்படுகின்றன. இவ்விரு எண்களும் அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஃபிக்சின் பெயருடன் இணைத்துக் கூறப்படுகின்றன. குளிரில் மதுவம் மெதுவாகவே பெருகும் என்பதால் லாகருக்கு இருமடங்கு தேவைப்படுகிறது.

20 லிட்டர் ஏல், 12 பாகை எனில் கணக்கு பின்வருமாறு அமையும்:

20,000 மில்லிலிட்டர் × 12 × 7,50,000 = 18,000 கோடி உயிரணுக்கள்

அதே அளவு லாகருக்கு 36,000 கோடி தேவை. இவை மிகப் பெரிய எண்களாகத் தோன்றினாலும் மதுவ உயிரணுவின் விட்டம் சுமார் 5 முதல் 10 மைக்ரோமீட்டர் மட்டுமே. 18,000 கோடி உயிரணுக்கள் கெட்டியான மதுவக் குழம்பாக ஒரு தேநீர்க் குவளைக்குள் அடங்கிவிடும்.

ஒப்படர்த்தி 1.060 ஐத் தாண்டும் செறிவான பியர்களில் சருக்கரையின் ஊடுபரவல் அழுத்தமும், பின்னர் உருவாகும் எத்தனாலும் மதுவத்தைத் தாக்குவதால், கணக்கிட்ட அளவைவிடக் குறைப்பது அத்தகைய பியர்களில் கூடுதல் இடருடையது.

அளவு குறைந்தால்

முதலில் தென்படும் அறிகுறி தாமதம். போதிய மதுவம் இடப்பட்ட ஏல் பொதுவாக 12 மணி நேரத்திற்குள் நுரை கட்டத் தொடங்கும். ஒரு நாளைத் தாண்டியும் அசைவின்றி இருக்கும் வோர்ட், வெதுவெதுப்பான இனிப்புக் கரைசலாகவே கிடக்கிறது. அதில் தற்செயலாக விழுந்த பாக்டீரியாக்களும் காட்டு மதுவங்களும் அந்த இடைவெளியில் பெருகிவிடும். நொதித்தல் தொடங்கிய பின் அமிலத்தன்மை உயர்வதாலும், எத்தனால் உருவாவதாலும், ஆக்சிசன் தீர்வதாலும் பெரும்பாலான போட்டி நுண்ணுயிர்கள் அடங்கிவிடுகின்றன. ஆகவே விரைவான தொடக்கம் பியருக்கு ஒரு பாதுகாப்பும் ஆகும்.

அடுத்தது சுவை. மிகுதியான பெருக்கத்தின் துணைவிளைவாக உயர் ஆல்ககால்கள் கூடி, கரைப்பான் போன்ற காரநெடி தோன்றலாம். வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைல், பச்சை ஆப்பிள் மணம் தரும் அசிட்டால்டிகைடு ஆகியவற்றை நொதித்தலின் இறுதியில் நலமான மதுவமே திரும்ப உள்வாங்கிக் குறைக்கிறது. நலிந்த மதுவம் அவ்வேலையை முடிக்காமலேயே அடியில் படிந்துவிடும். பழமணம் தரும் எசுத்தர்களும் பொதுவாகக் கூடும் என்பர். ஆயினும் இது மதுவ வகையைப் பொறுத்து மாறுபடுகிறது. செருமானியக் கோதுமைப் பியரில் வாழைப்பழ மணத்தை மிகுவிக்க வேண்டுமென்றே மதுவத்தைச் சற்றுக் குறைத்து இடுவோரும் உளர்.

சுவைக்கேட்டைவிட முக்கியமானது நொதித்தல் பாதியில் நின்றுவிடுவது. 1.012 இல் முடிய வேண்டிய பியர் 1.020 இலேயே நின்றுவிட்டால், வெளிப்பார்வைக்கு அது முடிந்ததாகவே தோன்றும்: குமிழிகள் இரா, நுரையும் அமர்ந்திருக்கும். வீட்டுப் பியருக்குப் புட்டியில் வாயு ஏற்ற லிட்டருக்கு 6 அல்லது 7 கிராம் சருக்கரை சேர்ப்பது வழக்கம். மேற்சொன்ன எட்டுப் புள்ளி வேறுபாட்டில் மறைந்திருக்கும் சருக்கரையோ இதைப் போல் இருமடங்கிற்கும் மேலானது. புட்டியில் அடைத்த பின் மதுவம் மீண்டும் விழித்துக் கொண்டால் உருவாகும் அழுத்தத்தைக் கண்ணாடி தாங்காது. வெடித்த புட்டிகளின் சில்லுகளால் கண்ணிலும் கையிலும் காயம் ஏற்படலாம். இதனால், குமிழி நின்றதை மட்டும் கண்டு அடைக்காமல், நீர்மானி அளவு தொடர்ந்து இரண்டு மூன்று நாட்கள் மாறாதிருப்பதுடன், அது அப்பியருக்கு எதிர்பார்க்கப்பட்ட இறுதி அளவை ஒட்டியும் உள்ளதா என்று பார்த்த பின்னரே அடைக்க வேண்டும். நின்ற பியரிலும் அளவு மாறாமலேயே இருக்கும் என்பதால் இரண்டாவது சோதனையைத் தவிர்க்க இயலாது.

அளவு மிகுந்தால்

மிகுதியாக இடுவது பொதுவாகக் குறைத்து இடுவதைவிடத் தீங்கு குறைந்தது. நொதித்தல் விரைந்து தொடங்கி விரைந்து முடியும். ஆனால் புதிய உயிரணுக்கள் போதிய அளவில் உருவாகாமையால் எதிர்பார்த்த பழமணம் குன்றிச் சுவை வெறுமையாகலாம். பழைய உயிரணுக்களே எஞ்சி நிற்பதால், அம்மதுவத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவோருக்குச் சில தடவைகளில் அதன் வீரியம் குறையும். மிகப் பெரிய அளவில் இட்டால் இறந்த உயிரணுக்கள் சிதைந்து இறைச்சிச் சாறு போன்ற சுவையைத் தரக்கூடும். வீட்டுத் தயாரிப்பில் இந்நிலை பெரும்பாலும் ஒரே வழியில்தான் நேர்கிறது: முந்தைய பியரை இறக்கிய கலத்தின் அடியில் தங்கிய முழு மதுவப் படிவின் மேல் புதிய வோர்ட்டை ஊற்றுதல். அப்படிவு தேவையைப் போல் மூன்று நான்கு மடங்கு இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ எடுத்தாலே போதும்.

உலர் மதுவம்

உலர் மதுவம் பொதுவாக 11 அல்லது 11.5 கிராம் பொட்டலங்களாக விற்கப்படுகிறது. தயாரிப்பாளர்கள் ஒரு கிராமுக்குக் குறைந்தது 500 அல்லது 600 கோடி உயிருள்ள உயிரணுக்கள் என உறுதி கூறுவது வழக்கம். உண்மையில் இருப்பது பெரும்பாலும் இதைவிடக் கூடுதல். எடையால் கூறின், 100 லிட்டர் ஏலுக்கு 50 முதல் 80 கிராம், லாகருக்கு 80 முதல் 120 கிராம் என்பது தயாரிப்பாளர் பரிந்துரை. இதன்படி 20 லிட்டர் ஏலுக்கு ஒரு பொட்டலமும் லாகருக்கு இரண்டு பொட்டலங்களும் தேவை. முன்னாளில் பியர்க் கலவை டப்பாக்களின் மூடிக்கடியில் வைத்து விற்கப்பட்ட 5, 6 கிராம் சிறு பொட்டலங்கள் இவ்வளவிற் பாதியே. போதாக்குறைக்கு அவை டப்பாவுடன் கடை அலமாரியின் வெப்பத்தில் மாதக்கணக்கில் கிடந்தவை. வீட்டுப் பியருக்கு நெடுங்காலம் இருந்த கெட்ட பெயருக்கு இச்சிறு பொட்டலங்களும் ஒரு காரணம் எனலாம்.

உலர்ந்த உயிரணுவின் சவ்வு நீரேறும் முதல் சில நிமிடங்களில் எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று கட்டுப்படுத்தும் ஆற்றலற்றிருக்கும். எனவே மதுவத்தின் எடையைப் போல் சுமார் பத்து மடங்கு, 30 முதல் 35 பாகை செல்சியசு வெப்பமுள்ள தூய நீரில் அதை முதலில் ஊறவைக்கும் முறை பரிந்துரைக்கப்பட்டு வந்தது. வோர்ட்டில் நேரடியாகத் தூவினால் உயிரணுக்களில் பாதி வரை இறந்துவிடக்கூடும் என கிறிசு வைட், சமில் சைனசெஃப் ஆகியோர் 2010 இல் வெளிவந்த மதுவம் பற்றிய தம் நூலில் எழுதியுள்ளனர். பின்னர்த் தயாரிப்பு முறைகள் மேம்பட்டமையால், நேரடியாகத் தூவுவதையும் சில நிறுவனங்கள் ஏற்றுக்கொள்கின்றன. உலர் மதுவத்தில் இசுடெரால் சேமிப்பு ஏற்கெனவே இருப்பதால் வோர்ட்டில் காற்றேற்றும் தேவையும் குறைவு.

நீர்ம மதுவமும் தொடக்கக் கரைசலும்

நீர்ம மதுவம் பல வகைகளில் கிடைக்கும்; விரைவில் வீரியம் இழக்கும். அமெரிக்காவில் 1986 இல் தொடங்கப்பட்ட வையீஸ்ட், 1995 இல் தொடங்கப்பட்ட வைட் லேப்சு ஆகிய நிறுவனங்களால் இது வீட்டுத் தயாரிப்பாளரிடையே பரவியது. வழக்கமான ஒரு பொதியில் ஏறத்தாழ 10,000 கோடி உயிரணுக்கள் இருந்தன. குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் மாதத்திற்கு ஐந்தில் ஒரு பங்கு இறந்துவிடும் என்பது கணக்கிடுவோர் கொள்ளும் தோராயம். அதன்படி இரண்டு மாதம் பழையதான பொதியில் சுமார் 6,400 கோடியே எஞ்சியிருக்கும். மேற்கண்ட ஏலுக்குத் தேவையான 18,000 கோடியில் இது மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றே அதிகம்.

இக்குறையை நிரப்பத் தொடக்கக் கரைசல் தயாரிக்கப்படுகிறது. ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் உலர் மால்ட் சாற்றுத் தூளைக் கரைத்துக் கொதிக்க வைத்து ஆறவைத்தால் சுமார் 1.037 ஒப்படர்த்தியுள்ள வோர்ட் கிடைக்கும். இதில் மதுவத்தை இட்டு, காந்தக் கலக்கியாலோ அவ்வப்போது குலுக்கியோ காற்றுபடச் செய்து, ஒன்றிரண்டு நாட்கள் வளர்த்துப் பின் குளிர்வித்து, மேல்நீரை வடித்துவிட்டுப் படிவை மட்டும் பயன்படுத்துவர். வளர்ச்சி நேர்விகிதத்தில் அமைவதில்லை. 10,000 கோடி உயிரணுக்களை ஒரு லிட்டரில் இட்டால் அவை சுமார் 15,000 கோடியாகவும், இரண்டு லிட்டரில் இட்டால் சுமார் 20,000 கோடியாகவும் ஆகின்றன. சிறு கலத்தில் மதுவம் நெருக்கடியாகி உணவு தீர்ந்துவிடுவதே காரணம். அரை லிட்டர்க் கரைசல் மதுவத்தை எழுப்பிவிடுமேயன்றி எண்ணிக்கையைப் பெரிதும் கூட்டாது.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஆக்சிசன் இன்றிப் பயனில்லை. கொதித்த வோர்ட்டில் ஆக்சிசன் இராது. லிட்டருக்கு 8 முதல் 10 மில்லிகிராம் வரை தேவைப்படுகிறது. ஆறிய வோர்ட்டைக் கலத்துடன் நன்கு குலுக்குவதால் காற்றிலிருந்து சுமார் 8 மில்லிகிராம் வரை பெறலாம். சூடான வோர்ட்டில் இதைச் செய்தல் கூடாது.

உயிரணுக்களை எண்ணுதல்

மறுபயன்பாட்டிற்கு எடுத்துவைத்த மதுவக் குழம்பின் செறிவைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். ஒரு மில்லிலிட்டரில் 100 கோடி இருக்கலாம். 200 கோடிக்கு மேலும் இருக்கலாம். துல்லியமாக அறிய, நுண்ணோக்கியும் குருதி அணு எண்ணும் கட்டக் கண்ணாடியும் தேவை. இக்கண்ணாடியில் 1 சதுர மில்லிமீட்டர் பரப்பு 25 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஆழம் 0.1 மில்லிமீட்டர். எனவே 25 கட்டங்களிலும் காணும் எண்ணிக்கையை 10,000 ஆல் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டரில் உள்ள எண்ணிக்கை வரும். மெத்திலீன் நீலச் சாயம் சேர்த்தால் இறந்த உயிரணுக்கள் நீலமாகும். உயிருள்ளவை சாயத்தை நிறமிழக்கச் செய்து வெளிறித் தெரியும்.

எடுத்துக்காட்டாக, 500 மடங்கு நீர்த்த குழம்பில் 25 கட்டங்களில் 400 உயிரணுக்கள் காணப்பட்டால், மூலக் குழம்பில் மில்லிலிட்டருக்கு 200 கோடி உள்ளன. அவற்றில் பத்தில் ஒன்று நீலமெனில் உயிருள்ளவை 180 கோடி. முன் கூறிய ஏலுக்கு 100 மில்லிலிட்டர் குழம்பு போதும்.

இவ்வெண்ணிக்கையில் எவ்வளவு பிழை இருக்கும் என்னும் வினா புள்ளியியல் வரலாற்றோடு தொடர்புடையது. டப்ளின் நகரிலுள்ள கின்னசு பியர் ஆலையில் 1899 இல் பணியில் சேர்ந்த வில்லியம் சீலி காசெட் இதனை ஆராய்ந்து 1907 இல் 'பயோமெட்ரிக்கா' இதழில் கட்டுரையாக வெளியிட்டார். கட்டங்களில் விழும் மதுவ உயிரணுக்களின் பரவல் இன்று பாய்சான் பரவல் எனப்படுவதை ஒத்திருப்பதை அவர் காட்டினார். அதன்படி எண்ணிய தொகையின் வர்க்கமூலமே பிழையின் அளவு. 400 எண்ணினால் பிழை சுமார் 20, அதாவது 5 விழுக்காடு. நேரத்தை மிச்சப்படுத்த ஐந்து கட்டங்களில் 80 மட்டும் எண்ணினால் பிழை 11 விழுக்காடாக உயர்கிறது. ஆலை தன் ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதுவதை அனுமதிக்காததால் அவர் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். மாணவர்கள் இன்று பயிலும் 'ஸ்டூடன்ட் டி-சோதனை' அதே பெயரில் 1908 இல் அவர் வெளியிட்ட மற்றொரு கட்டுரையிலிருந்து வந்தது.

வரலாறு

மதுவம் ஓர் உயிரி என்பது அறியப்படும் முன்பே மதுவம் இடுதல் நடைமுறையில் இருந்தது. முந்தைய பியரின் நுரையையோ அடிமண்டியையோ புதிய வோர்ட்டில் சேர்ப்பதே வழக்கம். பவேரியாவில் 1516 இல் இயற்றப்பட்ட தூய்மைச் சட்டம் பியருக்கு வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றை மட்டுமே குறிப்பிடுகிறது; மதுவம் அதில் இல்லை. லூயி பாசுச்சர் 1876 இல் வெளியிட்ட பியர் பற்றிய ஆய்வு நூல், பியர் கெடுவதற்கு வேண்டாத நுண்ணுயிர்களே காரணம் என்பதை விளக்கியது. 1883 இல் கோபனேகனின் கார்ல்சுபெர்க் ஆய்வகத்தில் எமில் கிறித்தியன் ஆன்சென் ஒற்றை உயிரணுவிலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்தார். கலப்படமற்ற மதுவம் கிடைத்த பின்னரே எத்தனை உயிரணுக்கள் என்ற வினாவுக்குப் பொருள் ஏற்பட்டது. லாகர் மதுவம், ஏல் மதுவமும் குளிர் தாங்கும் மற்றோர் இனமும் கலந்த கலப்பினம் ஆகும். அந்த இரண்டாம் மூதாதை 2011 இல் தென் அமெரிக்காவின் பட்டகோனியாவில் கண்டறியப்பட்டது.

கருத்து வேறுபாடுகள்

ஒரு நீர்மப் பொதி 19 லிட்டர் ஏலுக்குப் போதும் என்பது தயாரிப்பாளர் கூற்று. அதே ஏலுக்கு ஏறத்தாழ இரண்டு பொதிகள் வேண்டும் என்பது மேற்கண்ட கணக்கின் முடிவு. பழைய ஆலை விதி, முந்தைய பியரிலிருந்து அறுவடை செய்த மதுவத்தை முன்வைத்து எழுந்தது என்றும், ஆய்வகத்தில் காற்றோட்டத்துடன் வளர்க்கப்பட்ட புதிய மதுவம் குறைந்த எண்ணிக்கையிலும் அவ்வேலையைச் செய்யும் என்றும் தயாரிப்பாளர் தரப்பில் விளக்கப்படுகிறது. இவ்விளக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது புதிய பொதிக்கே பொருந்தும். மாதங்கள் கடந்த பொதி, செறிவான வோர்ட், குளிரில் நொதிக்கும் லாகர் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் கணக்கின் பக்கம் சாய்வதே பாதுகாப்பானது. லாகர் வோர்ட்டில் 18 பாகை செல்சியசு அளவில் மதுவத்தை இட்டு, நொதித்தல் தொடங்கிய பின் குளிர்விப்பதன் மூலம் குறைந்த மதுவத்துடன் சமாளிப்போரும் உள்ளனர். மதுவம் பெரும்பாலான நறுமணப் பொருட்களை வளரும் காலத்திலேயே உருவாக்குவதால், அம்முறையில் லாகருக்குரிய தெளிந்த சுவை குறைய வாய்ப்புண்டு.

ரொட்டி மதுவமும் ஏல் மதுவமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ரொட்டி மதுவத்தாலும் பியர் நொதிக்கும். எனினும் அது எளிதில் அடியில் படியாது, சுவையும் கணிக்க இயலாதது.

சட்ட நிலை

ஐக்கிய இராச்சியத்தில் வீட்டில் பியர் தயாரிக்க உரிமம் பெற வேண்டும் என்ற விதி 1963 இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் சிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வயதுவந்தோர் ஒருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள வீட்டில் 200 கேலன் வரை சொந்தப் பயன்பாட்டிற்கு வரியின்றித் தயாரிக்க இடமளித்தது. இந்தியாவில் மதுபானம் மாநிலப் பட்டியலில் உள்ளது. தமிழ்நாட்டில் உரிமமின்றி மதுபானம் தயாரிப்பது 1937 ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றமாகும்.